காலம் தாண்டிய பெண்கள் – 7: அடுக்களை வழி

ஆண்டனி பாபிங்டனைத் தூக்கிலிட்டபோது அவனுக்கு வயது 24. நாள் 1586 செப்டம்பர் 20. லண்டனில் செயின்ட் கைல்ஸ் வெளியில் அவனையும் கூட்டாளிகள் சிலரையும் தூக்கிலேற்றி, உயிர் போகும் முன்பே இறக்கி, வயிற்றைக் கிழித்து, உடலை நான்கு கூறாக்கினார்கள். ராஜத் துரோகத்துக்கு அன்றைய இங்கிலாந்து விதித்திருந்த தண்டனை அது. எலிசபெத் அரசியைக் கொன்றுவிட்டு, காவலில் இருந்த ஸ்காட்லாந்து அரசி மேரியை அரியணையில் ஏற்றச் சதி செய்தான் என்பது குற்றச்சாட்டு. சதி உண்மைதான். மேரிக்கு ரகசியக் கடிதங்கள் பீர் பீப்பாய்க்குள் ஒளித்துப் போய்க்கொண்டிருந்தன. அந்த வழியைத் திறந்துவிட்டதே எலிசபெத்தின் அமைச்சர் வால்சிங்ஹாமின் ஆட்கள்தான் என்பதும், ஒவ்வொரு கடிதமும் நடுவழியில் பிரிக்கப்பட்டு, படிக்கப்பட்டு, மீண்டும் ஒட்டப்படுகிறது என்பதும் பாபிங்டனுக்குத் தெரியாது. ஐந்து மாதம் கழித்து, 1587 பிப்ரவரி 8 அன்று, மேரியின் தலையும் உருண்டது.

இங்கிலாந்தின் பள்ளிப் புத்தகங்களில் இது ஒரு பத்தி. முடிவு எல்லாருக்கும் தெரிந்த பத்தி. 1939-ல் வந்த ஒரு நாவலில் லண்டன் சிறுமி ஒருத்தி இதற்குள் தவறி நுழைகிறாள். அவள் போய்ச் சேரும் இடம் பாபிங்டன் வீட்டு அடுக்களை. 'எ டிராவலர் இன் டைம்' என்ற அந்த நாவலை எழுதியவர் அலிசன் அட்லி. வளரிளம் பெண்களுக்கான காலப்பயணக் கதைகள் இன்றுவரை நடந்துகொண்டிருக்கும் பாதையை இந்த ஒரு புத்தகம்தான் போட்டது என்பது என் கட்சி.

சென்ற இதழில் எடித் நெஸ்பிட்டின் பிள்ளைகளோடு நின்றிருந்தோம். 1908-ல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் ஆர்டன்' கதையில் எல்ஃப்ரிடா என்ற சிறுமி 1605-க்குப் போய், நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதியைப் பற்றித் தன் காலத்துப் பிள்ளைகள் பாடும் பாட்டை வாய்தவறிப் பாடிவிடுகிறாள். அங்கே சதியே இன்னும் அம்பலமாகவில்லை. விளைவு, குடும்பத்தோடு லண்டன் கோபுரச் சிறை. பின்னால் வரும் நிகழ்ச்சி முன்கூட்டியே தெரிந்திருப்பது நெஸ்பிட்டுக்கு ஒரு வேடிக்கை, ஒரு வம்பு. அட்லியிடம் வரும்போது அதுவே துயரம் ஆகிறது. இடையில் நடந்தது என்ன என்று பார்க்கும் முன், பையன்கள் அந்தக் காலத்தில் என்ன படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை ஒரு கண் பார்த்துவிடலாம்.

அவர்களுக்கு ஜி. ஏ. ஹென்டி இருந்தார். நூறு புத்தகங்களுக்கு மேல் எழுதியவர். இங்கிலாந்திலிருந்து கிளம்பும் ஒரு பையன் ஏதாவது ஒரு போரில் போய்ச் சேருவான், பெரிய தளபதியின் கண்ணில் படுவான், வெற்றியோடு ஊர் திரும்புவான். 'வித் கிளைவ் இன் இந்தியா' என்ற 1884-ஆம் ஆண்டு நாவலில் அப்படி ஒரு பையன் நம் ஆற்காட்டு முற்றுகைக்கே வந்து சேர்கிறான். ஹென்டியின் வரலாறு கோட்டை வாசல் வழியாகத்தான் நடக்கும். பெண்ணுக்கு அங்கே வேலை இல்லை. இடதுசாரியான ஜெஃப்ரி ட்ரீஸ் இந்தப் பேரரசுப் பெருமையை வெறுத்தவர். அவரே 1940-ல் 'க்யூ ஃபார் ட்ரீசன்' எழுதியபோது, ஷேக்ஸ்பியர் கால நாடகக் குழுவில் கிட் என்ற பெண்ணைச் சேர்க்க அவளுக்குப் பையன் வேடம் போட வேண்டியிருந்தது. நல்ல புத்தகம், விறுவிறுப்பானது. ஆனாலும் வரலாற்றுக்குள் வர வேண்டுமானால் பாவாடையைக் களைந்துவிட்டு வா என்றுதான் அதுவும் சொல்கிறது. அட்லி தன் கதாநாயகிக்குப் பாவாடையை இன்னும் நீளமாக்கிக் கொடுத்தார்.

அட்லி 1884 டிசம்பர் 17 அன்று டார்பிஷயரில் கிராம்ஃபோர்டு அருகே காசில் டாப் என்ற மலைப் பண்ணையில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஆலிஸ் ஜேன் டெய்லர். கிராம்ஃபோர்டு என்றால் வரலாறு படித்தவர்களுக்கு ஆர்க்ரைட்டின் பஞ்சாலை நினைவுக்கு வரும். 1771-ல் தண்ணீர் விசையில் நூல் நூற்கத் தொடங்கிய அந்த ஆலை, உலகத்தின் உழைப்பையே மாற்றியது. பெண்களும் குழந்தைகளும் அங்கே இரவு பகலாக முறை போட்டு வேலை செய்தார்கள். பண்ணை வீட்டுச் சிறுமிக்கோ பிடித்துப்போனது எதிர்த்திசையில் இருந்த வேறொரு கதை. இரண்டு மூன்று மைல் தள்ளி டெதிக் என்று ஒரு குக்கிராமம். சில பண்ணை வீடுகள், ஒரு சின்ன தேவாலயம், அதன் கோபுரத்தில் பாபிங்டன் குடும்பச் சின்னங்கள். ஆண்டனி பாபிங்டனின் சொந்த ஊர் அது. அவனைப் பற்றி, ஏதோ போன வருஷம்வரை பக்கத்துப் பண்ணையில் இருந்தவன்போல வீட்டில் பேசுவார்கள் என்று அட்லி பின்னாளில் எழுதியிருக்கிறார்.

கதை கேட்டு வளர்ந்த பெண் படித்தது இயற்பியல். பேக்வெல் ஊரில் பள்ளிப் படிப்பு, பிறகு உதவித்தொகையில் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். 1906-ல் அங்கே இயற்பியலில் ஹானர்ஸ் பட்டம் பெற்ற இரண்டாவது பெண் அவர். லண்டனில் ஃபுல்ஹாம் பகுதியில் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆனார். 1911-ல் கல்யாணம், பிறகு ஒரு மகன். முயலும் அணிலும் பேசும் சிறுவர் கதைகளை எழுதத் தொடங்கி 1929-ல் முதல் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டே கணவர் இறந்துபோனார். அதன் பிறகு எழுத்துதான் சோறு போட்டது. 1938-ல் பீக்கன்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் வீடு வாங்கினார். தன் நாவலில் பாபிங்டன் மாளிகைக்கு என்ன பெயர் வைத்தாரோ, அதே பெயரைத்தான் இந்த வீட்டுக்கும் வைத்தார்: தாக்கர்ஸ். அதே ஆண்டு அதே ஊருக்குக் குடிவந்த இன்னொரு எழுத்தாளர் ஈனிட் பிளைட்டன். அட்லிக்கு அவரைக் கண்டால் ஆகாது. இரண்டு பேருமே கோடிக்கணக்கான குழந்தைகளுக்குக் கதை சொன்னவர்கள், ஒரே கடைத்தெருவில் நடந்தவர்கள். அட்லியின் நாட்குறிப்புகளைப் படித்தவர்களுக்கு அவர் அத்தனை இனிய மனுஷி அல்ல என்பது தெரியும். இனிய மனுஷியாக இருந்திருந்தால் இந்த நாவல் இத்தனை கறாராக முடிந்திருக்காது என்று தோன்றுகிறது.

இயற்பியல் படித்தவர் கால யந்திரம் கட்டியிருக்கலாம். ஹெச். ஜி. வெல்ஸ் 1895-லேயே பித்தளையும் படிகமும் வைத்து ஒன்றைக் கட்டிக் காட்டிவிட்டார். அட்லி கனவை எடுத்துக்கொண்டார். அந்த நாவலில் வரும் நிகழ்ச்சிகள் பல தான் உண்மையிலேயே கண்ட கனவுகள் என்றும், தூக்கத்தில் வீட்டுச் சுவரிலிருந்த மறைவான கதவுகள் வழியாக வேறு நூற்றாண்டுக்குப் போய்வந்ததாகவும் முன்னுரையில் சொல்கிறார். இதை வெறும் கிராமத்துப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. மான்செஸ்டரில் அவருக்கு அறிமுகமான தத்துவப் பேராசிரியர் சாமுவேல் அலெக்சாண்டர், இடமும் காலமும் பிரிக்க முடியாத ஒரே நெய்தல் என்று வாதிட்டு 1920-ல் பெரிய நூலே எழுதியவர். 1927-ல் ஜே. டபிள்யூ. டன் என்ற விமானப் பொறியாளர், கனவில் நாளை நடப்பதும் தெரிகிறது என்று ஒரு புத்தகம் போட, இங்கிலாந்தின் எழுத்தாளர் பாதிப் பேர் தலைமாட்டில் நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு தூங்கிய காலம் அது.

நாவலுக்கு வருவோம். பெனலப்பி டாபர்னர் கேமரன் லண்டன் செல்சியில் வளரும் நோஞ்சான் பெண். உடம்பு தேறட்டும் என்று அக்காவோடும் அண்ணனோடும் டார்பிஷயர் பண்ணைக்கு அனுப்புகிறார்கள். அங்கே டிஸ்ஸி பாட்டியும் பார்னபஸ் தாத்தாவும். தாக்கர்ஸ் ஒரு காலத்தில் பாபிங்டன்களின் மாளிகை, இப்போது மாடும் கோழியும் உள்ள பண்ணை வீடு. ஒருநாள் மாடியில் கம்பளி எடுக்கப் போனவள் தவறான கதவைத் திறக்கிறாள். உள்ளே பழங்கால உடையில் நான்கு பெண்கள் சீட்டாட்டம் போல எதையோ ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்துகிறாள். பாட்டிக்கு வியப்பே இல்லை. டாபர்னர் வம்சத்துப் பெண்களில் அவ்வப்போது ஒருத்திக்கு இப்படித் தெரியும் என்கிறாள்.

அடுத்தடுத்த முறைகளில் பெனலப்பி போய்ச் சேருவது அடுக்களைக்கு. அங்கே ஆட்சி செய்பவர் டேம் சிசிலி டாபர்னர், மாளிகையின் தலைமைச் சமையற்காரம்மா. டிஸ்ஸி பாட்டியின் முகம், டிஸ்ஸி பாட்டியின் கை, பெயரும் அதே சிசிலிதான். அவர் இந்தப் பெண்ணைப் பார்த்ததும் செல்சியிலிருந்து வந்த தன் உறவுக்காரப் பெண் என்று எடுத்துக்கொள்கிறார். அதோடு விசாரணை முடிந்தது. கையில் வேலை கொடுத்துவிடுகிறார். மூலிகை ஆய்வது, மாவு பிசைவது, வெள்ளீயத் தட்டு துலக்குவது. நாவலின் பாதி இதுதான். சதி, சுரங்கம், சங்கேதம் எல்லாம் மேல்மாடியில் நடக்க, பெனலப்பி கீழே அடுப்புப் புகையில் நிற்கிறாள்.

இங்கேதான் அட்லியின் துணிச்சல் இருக்கிறது. பாபிங்டன்கள் அழிந்தார்கள். மாளிகை கை மாறியது. டாபர்னர்கள் மட்டும் போகவில்லை. சமையற்காரியின் வம்சம் முந்நூற்றைம்பது ஆண்டு அதே கூரையின் கீழ் அதே அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கிறது. வரலாற்றின் தொடர்ச்சி யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு 1939-ல் ஒரு சிறுவர் நாவல் சொன்ன பதில் இது. காற்றிலிருந்து வந்த பதில் அல்ல. குவென்னல் தம்பதி 1918-ல் தொடங்கி, இங்கிலாந்தின் அன்றாடப் பொருட்களின் வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதிப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோயிருந்தார்கள்: மன்னர்களுக்குப் பதிலாக ஏர், தறி, பாத்திரம், படுக்கை. பொருளாதார வரலாற்றாசிரியர் ஐலீன் பவர் 1924-ல் இடைக்காலத்து விவசாயியையும் இல்லத்தரசியையும் கதாபாத்திரங்கள்போல எழுதிக் காட்டினார். 1926-ல் தன் தங்கை ரோடாவுடன் சேர்ந்து பழங்காலத்துச் சிறுவர் சிறுமியர் பற்றிக் குழந்தைகளுக்கே ஒரு புத்தகம் செய்தார். அட்லி இந்தத் தலைமுறையின் ஆள். ஆராய்ச்சியாளர்கள் ஆவணத்தில் தேடியதை அவர் தன் அம்மாவின் அடுக்களையிலேயே பார்த்திருந்தார். தண்ணீர்க் குழாயும் மின்விளக்கும் இல்லாத மலைப் பண்ணையில் 1880-களில் பிறந்தவருக்கு எலிசபெத் காலம் அவ்வளவு தூரம் இல்லை.

இனி அட்லி வகுத்த விதி: முடிவு தெரியும், மாற்ற முடியாது. பெனலப்பிக்கு முடிவு தெரியும். மேரி தப்ப மாட்டாள், ஆண்டனி சாவான். அந்த ஆண்டனி இதோ கண்ணெதிரே குதிரையிலிருந்து இறங்குகிறான், வேலைக்காரர்களிடம் சிரித்துப் பேசுகிறான். அவன் தம்பி ஃபிரான்சிஸ் அவளோடு காட்டில் நடக்கிறான், இவள் வேறு காலத்துப் பெண் என்பதை மெல்ல உணர்ந்தும் கொள்கிறான். மேரியை அப்போது சில மைல் தள்ளி விங்ஃபீல்டு மாளிகையில் வைத்திருக்கிறார்கள். வரலாற்றிலும் 1584-85-ல் அங்கேதான் வைத்திருந்தார்கள். தாக்கர்ஸிலிருந்து விங்ஃபீல்டுக்கு ஒரு பழைய சுரங்கப் பாதை வழியே மேரியைக் கடத்தி வர ஏற்பாடு நடக்கிறது. சுரங்கம் அந்த ஊரில் வழங்கிய வாய்மொழிக் கதை. அது தோற்கும் என்று பெனலப்பிக்குத் தெரியும், சொல்லியும் பயன் இல்லை. அதைவிடக் கொடுமையாக, அந்தக் காலத்தில் இருக்கும்போது தன் காலத்து நினைவே அவளுக்கு மங்கிப்போகிறது. நேற்று படித்த பாடம் கனவுபோல நழுவுகிறது. தெரிந்தும் தெரியாமலும் அடுக்களையில் நிற்கிறாள்.

இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. கதாநாயகி ஒன்றும் செய்வதில்லை, அரபெல்லா என்ற பொறாமைக்காரி அவளைச் சுரங்கத்தில் அடைத்தபோதுகூட ஊமைச் சமையற்பையன் ஜூட்தான் வந்து மீட்க வேண்டியிருக்கிறது என்பார்கள். பையன்களின் சாகசக் கதையை அளவுகோலாக வைத்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் 1939-ல் பதின்மூன்று பதினாலு வயதில் இதைப் படித்த பெண்ணின் நிலையும் அதுதானே. பெரியவர்கள் மேல்மாடியில் முடிவெடுக்கிறார்கள். என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்கும் புரிகிறது. அவளை யாரும் கேட்பதில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் லண்டன் பிள்ளைகளைச் சட்டையில் பெயர்ச் சீட்டுக் குத்தி, ரயிலேற்றி, முன்பின் தெரியாத கிராமத்து அடுக்களைகளுக்கு அனுப்பினார்கள். அட்லி இதை எண்ணி எழுதவில்லை. படித்த பெண்கள் தங்களை அதில் கண்டுகொண்டிருந்தால் ஆச்சரியம் இல்லை. 1978-ல் பிபிசி இதைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. பெனலப்பியாக நடித்த சோஃபி தாம்ப்சனுக்கு அப்போது பதினாறு வயதுகூட இருக்காது.

முப்பது ஆண்டுகள் தாண்டினால், 1969-ல் 'ஷார்லட் சம்டைம்ஸ்'. எழுதியவர் பெயரும் பெனலப்பிதான், பெனலப்பி ஃபார்மர். ஷார்லட் மேக்பீஸ் விடுதிப் பள்ளிக்குப் புதிதாக வருகிறாள். சக்கரம் வைத்த ஒரு பழைய இரும்புக் கட்டில் அவளுக்குக் கிடைக்கிறது. மறுநாள் காலை அதே அறையில், அதே கட்டிலில், 1918-ல் எழுந்திருக்கிறாள். எல்லாரும் அவளை கிளேர் என்று கூப்பிடுகிறார்கள். எமிலி என்ற தங்கை ஒருத்தி இருக்கிறாள். அடுத்த நாள் மீண்டும் தன் காலம். கிளேர் அங்கிருந்து இங்கும், இவள் இங்கிருந்து அங்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாறுகிறார்கள். இருவரும் சந்திக்கவே முடியாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒருத்திக்கு ஒருத்தி குறிப்பு எழுதி வைத்துக் காரியம் நடத்துகிறார்கள்: வீட்டுப்பாடம் இது, யாரிடம் என்ன பேசிவைத்திருக்கிறேன் என்பது இது.

இந்த நாவலில் என்னை உலுக்குவது காலமாற்றம் அல்ல. ஒரு பெண்ணுக்குப் பதில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாள், ஆசிரியைகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. சீருடை, மணியோசை, வரிசை, வேகாத காய்கறி. நாற்பது ஆண்டில் ஒரு பெண்கள் பள்ளியில் அவ்வளவுதான் மாறியிருக்கிறது. இரு காலங்களிலுமாகக் கண்டுபிடிக்கிறவர்கள் இரண்டே பேர், இருவரும் சிறுமிகள். அங்கே எமிலி, இங்கே எலிசபெத் என்ற பள்ளித் தோழி. பிறகு கிளேரையும் எமிலியையும் விடுதியிலிருந்து ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு மாற்றுகிறார்கள். கட்டில் இல்லை. ஷார்லட் 1918-ல் மாட்டிக்கொள்கிறாள். அந்த வீட்டில் போருக்குப் போய்த் திரும்பாத ஆர்தர் என்ற மகனுடைய அறையும் பொம்மைச் சிப்பாய்களும் இருக்கின்றன. வீட்டார் ஆவியோடு பேசும் கூட்டம் நடத்திப் பிள்ளையைத் தேடுகிறார்கள். ஹென்டியின் பையன் வெற்றியோடு வீடு திரும்பினான் அல்லவா, இங்கே திரும்பாதவனின் வீட்டைப் பெண் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

கடைசியில் ஷார்லட் தன் காலத்துக்கு வந்துசேர்கிறாள். கிளேர் என்ன ஆனாள் என்று விசாரித்தால், போர் ஓய்ந்த கையோடு இன்ஃப்ளூயன்சாவில் போய்விட்டாள். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேல், இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல் ஆட்களை வாரிக்கொண்டு போன அந்தக் காய்ச்சலைப் பெரியவர்களின் இலக்கியம் அரை நூற்றாண்டாகப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமலே இருந்தது. ஒரு சிறுமிகள் நாவல் அதற்கு முகம் கொடுத்தது. 1981-ல் 'தி க்யூர்' என்ற ராக் குழு இந்த நாவலின் பெயரிலேயே ஒரு பாட்டு வெளியிட்டது. புத்தகத்தைப் பார்க்காமலே அந்தப் பெயரை முணுமுணுத்தவர்கள் ஏராளம்.

இதுவரை அடுக்களையும் விடுதியும் பாதுகாப்பான இடங்கள். அடி விழுந்தது 1979-ல், கலிஃபோர்னியாவிலிருந்து. ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' பெரியவர்களுக்கு எழுதப்பட்ட நாவல், நாயகி டேனாவுக்கு வயது 26. ஆனாலும் அமெரிக்கப் பள்ளிகளில் அது பாடமாகி, பதினாறு பதினேழு வயதுப் பெண்களின் கைக்குப் போய்ச் சேர்ந்ததால் இந்தத் தொடரில் அதற்கு இடம் உண்டு. 1976-ல் லாஸ் ஏஞ்சலஸில் வாழும் கறுப்பினப் பெண் டேனா, அடிமை முறை நடப்பில் இருந்த மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். தோட்ட முதலாளியின் மகன் ரூஃபஸ் சாகக் கிடக்கும்போதெல்லாம் இவள் அங்கே போய் அவனைக் காப்பாற்றியாக வேண்டும். அவன் இவளுடைய முப்பாட்டன்களில் ஒருவன். அவன் ஒரு கறுப்பினப் பெண்ணை வன்முறையால் அடைந்து பிறக்கும் பிள்ளையின் வழியில்தான் இவள் குடும்பமே வருகிறது.

டேனாவுக்கும் அடைக்கலம் அடுக்களைதான். பெரிய வீட்டிலிருந்து தள்ளிக் கட்டிய சமையற்கொட்டகை. அடிமைகள் கூடிப் பேச முடிகிற ஒரே கூரை அது. அங்கே நைஜல் என்ற சிறுவனுக்கு எழுத்துக் கற்றுக் கொடுக்கிறாள். முதலாளி கண்டுபிடித்துச் சவுக்கால் அடிக்கிறான். பெனலப்பியை எந்தக் காலத்து அடுக்களையும் மகளே என்று சேர்த்துக்கொள்ளும். டேனா தன் நாட்டின் இறந்தகாலத்தில் எந்தக் கதவைத் திறந்தாலும் பண்டம்தான். அட்லியின் டாபர்னர்கள் முந்நூற்றைம்பது ஆண்டு ஒரே வீட்டில் உழைத்ததை அழகு என்று எழுத முடிந்தது, அவர்கள் விரும்பினால் வெளியேறியிருக்கலாம் என்பதால். பட்லரைப் படித்த பிறகு 'எ டிராவலர் இன் டைம்' நாவலைத் திரும்ப எடுத்தால் அந்த அடுப்படியின் இதம் கொஞ்சம் குறைந்துதான் தெரிகிறது. குறையட்டும். கடைசிப் பயணத்தில் டேனாவின் இடது கை போய்விடுகிறது. அவள் முழுதாகத் திரும்பி வருவதை எழுதத் தன்னால் முடியவில்லை என்பதுதான் பட்லரின் நிலை.

மறுவருஷமே, 1980-ல், ஆஸ்திரேலியாவிலிருந்து ரூத் பார்க்கின் 'ப்ளேயிங் பீட்டி போ'. பார்க் நியூஸிலாந்தில் பிறந்து, சிட்னியின் சர்ரி ஹில்ஸ் சேரியில் குடியிருந்து, 1948-ல் அதையே நாவலாக்கிப் பெயர் பெற்றவர். இந்த நாவலின் களம் சிட்னி துறைமுகத்தை ஒட்டிய 'தி ராக்ஸ்'. ஐரோப்பியர் அங்கே குடியேறிய காலத்திலிருந்தே உள்ள பகுதி. 1900-ல் பிளேக் வந்தது, துறைமுகப் பாலம் கட்டியபோது தெருத் தெருவாக இடித்தார்கள், 1970-களின் தொடக்கத்தில் மிச்சத்தையும் இடித்து அடுக்குமாடி கட்டப் பார்த்தபோது ஜாக் மண்டி தலைமையில் கட்டுமானத் தொழிலாளர் சங்கம் இடிக்க மாட்டோம் என்று வேலையை மறுத்து நின்றது. அந்தப் போராட்டத்தின் சூடு ஆறுவதற்குள் வந்த நாவல் இது. ஒரு தெருவைக் காப்பாற்றுவதற்கு என்ன பொருள் என்று பதினான்கு வயது அபிகெய்ல் வழியாகக் கேட்கிறது.

அபிகெய்லின் அம்மா பழம்பொருள் கடை வைத்திருக்கிறாள். அப்பா வேறொருத்தியோடு போய்விட்டவர், இப்போது திரும்பி வரப் பார்க்கிறார். அம்மா அவரை ஏற்கிறாள் என்பதில் இவளுக்குத் தாங்காத கோபம். கடையின் கந்தல் பெட்டியில் கிடைத்த ஒரு துண்டுக் குரோஷா வேலைப்பாட்டைத் தன் உடையில் தைத்துப் போட்டுக்கொண்டவள், ஒட்ட வெட்டிய முடியோடு திரியும் ஒரு விசித்திரச் சிறுமியைத் துரத்திக்கொண்டு ஓடி, 1873-க்குள் விழுகிறாள். கால் பிசகிவிடுகிறது. அந்தச் சிறுமிதான் பீட்டி. ஆர்க்னி தீவுகளிலிருந்து வந்த மிட்டாய்க் கடைக் குடும்பம் அபிகெய்லைத் தூக்கி வைத்துப் பார்த்துக்கொள்கிறது. பின்னால் வரப்போவது தெரியும் 'வரம்' இந்த வம்சத்துப் பெண்களுக்கும் உண்டு. டாபர்னர் பாட்டியின் சாயல் தெரிகிறதா?

பார்க் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, இறந்தகாலத்தின் நாற்றத்தை மறைக்கவில்லை. சாக்கடை, காய்ச்சல், கிரிமியப் போரில் அடிபட்டு வெறி பிடித்து வாளெடுக்கும் தகப்பன். தனியே தெருவில் போன அபிகெய்லைப் பிடித்துக்கொண்டு போய் விபசார விடுதியில் அடைக்கிறார்கள். 1980-ல் வளரிளம் பெண்களுக்கான புத்தகத்தில் இதை வைக்கத் தைரியம் வேண்டும். பழைய காலம் அழகு என்று கவுன் போட்டுப் பார்க்கும் பெண்ணுக்கு, அந்தக் கவுனுக்குள் இருந்த பெண்ணுக்கு என்ன நடந்திருக்கலாம் என்று காட்டியாயிற்று. இன்னொன்று, அட்லியின் விதியைத் தளர்த்தினார். அபிகெய்ல் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது: அந்தக் குடும்பத்தின் வழி அற்றுப்போகாமல் காக்க ஒரு அந்நியள் வருவாள் என்று அவர்களிடையே ஒரு முன்சொல். ஆனால் நாட்டின் வரலாறு அணுவளவும் அசையவில்லை. அவள் அங்கே காதலித்த ஜூடா என்ற மாலுமி அவளுக்குக் கிடைக்கவும் இல்லை, கடலிலிருந்து திரும்பவும் இல்லை. பெண்ணாய்ப் பிறந்ததால் படிப்பு கிடையாதா என்று பொருமும் பீட்டி, பிற்பாடு பெரிய படிப்பாளியாகிப் பள்ளித் தலைமையாசிரியை ஆகிறாள் என்பதை அபிகெய்ல் தன் காலத்துக்குத் திரும்பிய பின் தெரிந்துகொள்கிறாள். பீட்டியின் அந்தப் பிடிவாதம்தான் எனக்கு இந்தப் புத்தகத்தின் உயிர். காதல் கதை இரண்டாம்பட்சம். 1981-ல் ஆஸ்திரேலியக் குழந்தைகள் புத்தகக் கழகத்தின் ஆண்டுப் பரிசு இதற்குக் கிடைத்தது.

விதி அதன் கடைசி எல்லைக்குப் போனது 1988-ல், ஜேன் யோலனின் 'தி டெவில்ஸ் அரித்மெடிக்' நாவலில். யூதர்களின் பாஸ்கா விருந்தில், பழைய கதையையே எத்தனை முறை கேட்பது என்று சலித்துக்கொள்ளும் அமெரிக்கச் சிறுமி ஹன்னா, எலியா தீர்க்கதரிசிக்காகச் சம்பிரதாயப்படி வாசல் கதவைத் திறக்கப் போகிறாள். திறந்தால் 1942, போலந்துக் கிராமம். வண்டிகளில் ஏற்றுகிறார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று இவளுக்குப் பள்ளிப் பாடத்திலேயே தெரியும். கத்துகிறாள். யாரும் நம்பவில்லை. பேரழிவைக் காலப்பயணக் கதையாக்கலாமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர்களின் சங்கடம் நியாயமானது. ஆனாலும் தெரிந்தவள் சொல்லை யாரும் கேளாத அந்தக் கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எது என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு கதை அடுக்களையை விட்டு வெளியேறியது. 2009-ல் ஜெர்மன் எழுத்தாளர் கெர்ஸ்டின் கியர் 'ரூபின்ரோட்' நாவலோடு ஒரு முத்தொகுதியைத் தொடங்கினார், அடுத்த ஆண்டே முடித்தும்விட்டார். லண்டனில் பதினாறு வயது க்வென்டலின். குடும்பத்தில் காலப்பயண மரபணு. வாள்பயிற்சியும் பழங்கால நடனமும் கற்றுத் தயாராக வளர்க்கப்பட்டவள் ஒன்றுவிட்ட சகோதரி ஷார்லட். மரபணு வேலை செய்ததோ ஒன்றும் தெரியாத க்வென்டலினிடம். ரகசியச் சங்கம் இருக்கிறது, கால யந்திரம் இருக்கிறது, நூற்றாண்டுக்கு ஏற்றபடி உடை தைத்துக் கொடுக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. அழகான பையனும் இருக்கிறான். ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம், சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் க்வென்டலின் போகும் பதினெட்டாம் நூற்றாண்டில் பெரும்பாலும் வரவேற்பறைகளும் மாளிகைக் கூடங்களும்தான். அங்கே யார் தட்டுத் துலக்கினார்கள் என்று இவள் எட்டிப் பார்ப்பதில்லை. படித்து முடித்தபோது டேம் சிசிலி ஒரு நாழிகை வந்து அவள் கையில் ஒரு முறம் கீரையைக் கொடுத்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

இதற்கு நடுவே, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு முன்னாள் ஆசிரியை இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தார். இன்றைய பெண்ணை நேற்றைக்கு அனுப்புவானேன், நேற்றைய பெண்ணையே இன்றைய பெண்ணின் மடியில் உட்கார வைத்தால் என்ன என்று யோசித்தார் பிளெசன்ட் ரோலண்ட். 1986-ல் அவர் கம்பெனி விற்பனைக்கு விட்ட முதல் மூன்று பொம்மைப் பெண்கள் கிர்ஸ்டன், சமந்தா, மாலி. மூன்று பேருக்கும் ஆளுக்கொரு வரலாற்றுக் காலம், ஆளுக்கொரு கதைப்புத்தக வரிசை, அந்தக் காலத்து உடை, மேஜை, உணவுத்தட்டு, எல்லாமே தனித்தனி விலையில். அந்தப் பொம்மைக் கடைக்கு அடுத்த இதழில் போவோம்.